பூ பூக்கிறது, பிஞ்சு ஏன் நிற்பதில்லை?

எங்கள் எதிர் வீட்டு அக்கா மொட்டைமாடியில் ஒரு பூசணிக் கொடி வைத்திருக்கிறார். பழைய பெயின்ட் டப்பாவில் நட்ட விதை, கைப்பிடிச் சுவர் முழுக்கப் படர்ந்து தண்ணீர்த் தொட்டியையும் சுற்றிக்கொண்டது. தினமும் பத்துப் பதினைந்து மஞ்சள் பூ. ஆனால் மூன்று வாரமாக ஒரு காய்கூட நிற்கவில்லை.

"பூ என்னமோ அள்ளிக் கொட்டுது தம்பி. பிஞ்சும் கோலிக்குண்டு அளவுக்கு வருது. அப்புறம் மஞ்சளாகி வெம்பி விழுந்துடுது. மோர்க்கரைசல் தெளிச்சேன், பஞ்சகவ்யம் ஊத்தினேன், மேல்மண்ணைக்கூட மாத்திப் பார்த்துட்டேன்" என்றார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு மேலே போய்ப் பார்த்தேன். கொடி நல்ல செழிப்பு. இலை ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு. கால் மணி நேரம் நின்று பார்த்தும் ஒரு தேனீகூட வரவில்லை. நாலாவது மாடி, சுற்றிலும் கட்டடம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரம் இல்லை. கொடிக்குச் சத்துக் குறைவே இல்லை, அதற்கு வராமல் போனது விருந்தாளிதான். அன்று அந்தக் கொடியைக் காட்டி அக்காவுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஒரே கொடியில் இரண்டு வகைப் பூ

பூசணிக் கொடியில் ஆண் பூ, பெண் பூ என்று இரண்டு உண்டு. எட்ட நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான். கிட்டப் போய்ப் பூவின் அடியைப் பாருங்கள். சில பூக்கள் ஒல்லியான நீளக் காம்பில் நிற்கும். காம்பு முடிகிற இடத்தில் இதழ் தொடங்கிவிடும். அது ஆண் பூ. சில பூக்களின் காம்பு குட்டையாகத் தடித்திருக்கும். இதழுக்குக் கீழே பச்சையாக ஓர் உருண்டை, பூசணிக்காயை அப்படியே சுருக்கி வைத்தது போல. அது பெண் பூ.

இந்த உருண்டையைப் பார்த்துத்தான் காய் பிடித்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறோம். ஆனால் பூ விரிவதற்கு முன்பே அது அங்கே இருக்கிறது. காயாக ஆகலாம், ஆகாமலும் போகலாம். அதன் பெயர் சூற்பை.

இப்போது பூவுக்குள் எட்டிப் பார்ப்போம். ஆண் பூவின் நடுவில் சுண்டுவிரல் நுனி போல ஒரு மஞ்சள் தண்டு இருக்கும். தொட்டால் விரலில் மஞ்சள் பொடி ஒட்டிக்கொள்ளும். அந்தப் பொடிதான் மகரந்தம். பழைய தமிழில் தாது. அதை உண்டாக்கும் உறுப்புக்கு மகரந்தத்தாள் என்று பெயர். பூசணியில் மகரந்தத்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தண்டாகத் தெரிகின்றன. பெண் பூவில் பொடியே இருக்காது. நடுவில் மடிப்பு மடிப்பாக, மூன்று பிரிவாக, லேசான பிசுபிசுப்போடு ஒரு திரட்சி இருக்கும். அது சூலகமுடி. அதன் கீழே குட்டையான சூலகத்தண்டு. அதற்கும் கீழே அந்தப் பச்சை உருண்டை.

உதிர்ந்து கிடந்த ஒரு பிஞ்சைக் குறுக்கே வெட்டி அக்காவிடம் காட்டினேன். உள்ளே வெள்ளை வெள்ளையாக, ரவையைத் தூவியது போல நுணுக்கமான மணிகள். ஒவ்வொரு மணியும் ஒரு சூல். சூல் விதையாகும், சூற்பை காயாகும். அதற்கு முதலில் ஆண் பூவின் பொடி பெண் பூவின் சூலகமுடியில் போய் ஒட்ட வேண்டும். மகரந்தச் சேர்க்கை என்று பாடப் புத்தகத்தில் படித்தது இதைத்தான்.

பூசணியில் ஆணும் பெண்ணும் தனித்தனிப் பூவாக இருப்பதால் எளிதில் புரிகிறது. எல்லாச் செடியும் அப்படி இல்லை. செம்பருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் நீண்டு வருகிற குழலின் பக்கவாட்டில் மஞ்சள் பொடி தாங்கிய மகரந்தத்தாள்கள் நிறைய இருக்கும். அதே குழலின் நுனியில் வெல்வெட் துணியைக் கத்தரித்து ஒட்டியது போல ஐந்து குட்டிப் பொட்டுகள். அந்தப் பொட்டுகள்தான் சூலகமுடி. ஆணும் பெண்ணும் ஒரே பூவில். கத்தரி, தக்காளி, வெண்டை, மா, நெல் எல்லாவற்றிலும் இருபால் பூ உண்டு. பூக்கும் தாவரங்களில் இந்த வகையே அதிகம்.

பொடி ஒட்டிய பிறகு நடப்பது

பொடி ஒட்டியதோடு வேலை முடிவதில்லை. மகரந்தத் தூள் சூலகமுடியின் ஈரத்தை உறிஞ்சி, ஒரு விதையைப் போலவே முளைக்கிறது. அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குழல் ஒன்று கிளம்பி, சூலகத்தண்டைத் துளைத்துக் கீழே இறங்கி, சூற்பைக்குள் இருக்கும் ஒரு சூலைத் தேடிப் போய்ச் சேர்கிறது. ஆண் அணுக்கள் அந்தக் குழல் வழியாகத்தான் இறங்கிப் போய்ச் சூலில் உள்ள முட்டையோடு சேர்கின்றன. இந்தக் குழலை முதன்முதலில் கண்டவர் இத்தாலியைச் சேர்ந்த ஜியோவன்னி பட்டிஸ்டா அமிச்சி. 1824-இல் அவர் நுண்ணோக்கியின் கீழே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது என்ன பூ தெரியுமா? நாம் கடைந்து சாப்பிடுகிற பருப்புக்கீரையின் பூ.

ஒரு தூளுக்கு ஒரு குழல், ஒரு குழலுக்கு ஒரு சூல், ஒரு சூலுக்கு ஒரு விதை. இந்தக் கணக்கை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் தோட்டத்தில் பல விஷயம் விளங்கிவிடும். ஒரு பூசணிக்காயில் நூற்றுக்கணக்கான விதைகள் இருக்கின்றன. அப்படியானால் குறைந்தது அத்தனை தூளாவது அந்த ஒரு பூவில், அந்த ஒரு காலைக்குள் வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் கொடி அந்தப் பிஞ்சைக் கைவிட்டுவிடும். அரைகுறையாக வந்தால் காய் ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சூம்பி, கோணலாக வளரும். விதை உண்டான பக்கம்தான் சதை வைக்கிறது.

இதைக் கையில் பிடித்துப் பார்க்க ஆசைப்பட்டால் அடுத்த முறை கடற்கரையில் மக்காச்சோளம் வாங்கும்போது உரிக்காத கதிராகக் கேளுங்கள். மட்டையை உரித்தால் பட்டுநூல் போலக் கற்றையாக ஒன்று வருமே, குப்பை என்று பிய்த்துப் போடுகிறோமே, அதில் ஒவ்வொரு இழையும் ஒரு சூலின் தண்டும் முடியும் சேர்ந்தது. ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அடிவரை போனால் அது சரியாக ஒரு முத்தில் போய் முடியும். இன்னோர் இழை வேறொரு முத்தில் முடியும். செடியின் உச்சியில் இருக்கும் குஞ்சம்தான் ஆண் பூக்கள். காற்றில் அதிலிருந்து பறக்கும் தூள் ஓர் இழையின் மேல் விழுந்தால், ஏறக்குறைய ஒரு நாளுக்குள் குழல் அந்த இழை நெடுகிலும் வளர்ந்து உள்ளே போய்விடும். எந்த இழைக்குத் தூள் கிடைக்கவில்லையோ அந்த இடத்தில் முத்து இருக்காது. பல் விழுந்த வாய் மாதிரி நடுநடுவே இடைவெளி விட்ட கதிரை எல்லோரும் பார்த்திருப்போம். வீட்டுத் தோட்டத்தில் ஒரே வரிசையாக நாலு செடி வைத்தால் கதிர் பொக்கையாகத்தான் வரும். அதே செடிகளைச் சதுரமாக, நெருக்கமாக வைத்தால் காற்று எந்தப் பக்கம் வீசினாலும் தூள் பக்கத்துச் செடியில் விழும்.

நெல்லிலும் இதே கதைதான். நெற்பூ காலை வெயில் ஏறியதும் சிறிது நேரமே திறந்திருக்கும். பெரும்பாலும் தன் தூளைத் தானே வாங்கிக்கொண்டு மூடிவிடும். கதிர் பூக்கிற சமயத்தில் அடைமழை பிடித்துக்கொண்டால் பதர் அதிகமாகும் என்று விவசாயிகள் கவலைப்படுவது அதனால்தான். பதர் என்பது கரு உண்டாகாமல் போன, அல்லது உண்டாகியும் பால் பிடிக்காமல் போன நெல்.

இளநீரும் நுங்கும் என்ன?

பள்ளியில் பலரும் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகிற ஒன்று இங்கே வருகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

குழல் வழியாக இறங்குவது ஓர் ஆண் அணு இல்லை, இரண்டு. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. நாளைக்கு முளைக்கப்போகும் கன்று அது. இன்னொன்று சூலின் நடுவே இருக்கும் வேறோர் அணுவோடு சேர்கிறது. அந்தச் சேர்க்கையில் வருவது பிள்ளை இல்லை, பிள்ளைக்கான சாப்பாடு. அதற்குக் கருவூண் என்று பெயர். 1898-இல் செர்கேய் நவாஷின் என்ற ரஷ்யத் தாவரவியலாளர் லில்லிப் பூக்களில் இதைக் கண்டு சொன்னார். இரட்டைக் கருவுறுதல் என்பார்கள். தாய்ச்செடி ஒவ்வொரு சூலுக்கும் முன்கூட்டியே சோறு வடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. கரு உண்டாகிற அதே நேரத்தில்தான் உலையும் ஏறுகிறது.

இந்தக் கருவூணை நாம் தினமும் சாப்பிடுகிறோம். சோறு என்று தட்டில் விழுவது நெல்லின் கருவூண். கோதுமை மாவும் ரவையும் அதுவே. இளநீர் என்பது இன்னும் அணுச் சுவர் கட்டாமல் திரவமாகவே இருக்கும் கருவூண். அதிலிருந்து ஓரத்தில் படிந்து வழுக்கையாகி, பிறகு முற்றித் தேங்காயாகிறது. நுங்கும் அப்படித்தான். பனங்காயைச் சீவினால் மூன்று கண் வருகிறதே, சூலகத்தில் இருந்த மூன்று சூல்களும் கரு உண்டாகி வளர்ந்ததால் வந்தவை அவை. ஒன்றிரண்டு சூல் வளராமல் போன காயில் இரண்டு கண்தான் இருக்கும், சிலதில் ஒன்று. தேங்காயிலும் ஓட்டில் மூன்று கண் இருக்கிறது, ஆனால் மூன்று சூல்களில் ஒன்றுதான் வளரும். தேங்காய் முளைக்கும்போது குருத்து வருவதும் ஒரே ஒரு கண் வழியாகத்தான்.

தன் தூளா, பிறத்தியார் தூளா

ஒரே பூவில் தூளும் இருக்கிறது, சூலகமுடியும் இருக்கிறது. பேசாமல் தன் தூளையே எடுத்துக்கொண்டால் என்ன? சில செடிகள் அப்படித்தான் செய்கின்றன. நெல், கோதுமை, உளுந்து, பச்சைப்பயறு எல்லாம் பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கை. யாரையும் எதிர்பார்க்க வேண்டாம், விளைச்சல் நிச்சயம். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரே குணம்தான் திரும்பத் திரும்ப வரும். புதிதாக ஒரு நோயோ வறட்சியோ வந்தால் எல்லாச் செடிகளும் ஒரே மாதிரி அடி வாங்கும். வேறு செடியிலிருந்து தூள் வந்தால் பிள்ளைகள் பல தினுசாகப் பிறக்கும். அவற்றில் ஒன்றிரண்டாவது தாக்குப் பிடிக்கும். அதனால் பல செடிகள் தன் தூள் தன் மேல் விழாமல் இருக்கப் பாடுபடுகின்றன.

நெட்டைத் தென்னையின் பாளை வெடித்ததும் பாருங்கள். ஈர்க்குப் போன்ற கிளைகள் நெடுக ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன ஆண் பூக்கள் இருக்கும். கிளைகளின் அடிப்பக்கம் உருண்டையாகக் குரும்பைகள்; அவைதான் பெண் பூ. முதலில் மூன்று வாரம் போல ஆண் பூக்கள் மட்டும் விரிந்து கொட்டித் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் குரும்பை தூளை ஏற்கும் பக்குவத்துக்கு வரும். அதற்குள் சொந்தப் பாளையில் தூள் மிச்சமிருக்காது. வேறு பாளையிலிருந்து, பெரும்பாலும் வேறு மரத்திலிருந்து வந்தால்தான் உண்டு. குட்டைத் தென்னையில் இரண்டு பருவமும் ஒன்றின் மேல் ஒன்று விழுவதால் தன் தூளே போதும்.

பனை இன்னும் கண்டிப்பு. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் பனையை அலகுப் பனை என்றும் பெண் பனையைப் பருவப் பனை என்றும் சொல்வார்கள். நுங்கு பெண் பனையில் மட்டும்தான் வரும். ஆண் பனை காய்க்காது, வெட்டிவிடலாம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பக்கத்துப் பெண் பனைகளுக்குத் தூள் தருவது அந்த மரம்தான். போதாததற்குப் பதநீரும் தரும். தாழையிலும் ஆண் பெண் தனித்தனி. மணக்க மணக்கத் தலையில் வைக்கிற தாழம்பூ ஆண் மரத்தின் பூ. பெண் மரத்தில் அன்னாசி போன்ற காய் வரும்.

சுமந்து போகிறவர்கள்

செடி நடக்காது. தூளை யாராவது சுமக்க வேண்டும். காற்றை நம்பிய செடிகள் புல், நெல்லின் உறவினர்கள், சவுக்கு போன்றவை. அவற்றின் பூவில் நிறமும் இருக்காது, வாசனையும் இருக்காது, தேனும் இருக்காது. காற்றுக்குக் கண்ணும் மூக்கும் இல்லையே. அதற்குப் பதில் தூளை வாரி இறைக்கும், எங்கேயாவது விழட்டும் என்று.

பூச்சியையும் பறவையையும் நம்பிய செடிகள்தான் பூ என்று நாம் கொண்டாடுகிற எல்லாவற்றையும் உண்டாக்கின. உலகத்தின் பூக்கும் தாவரங்களில் ஏறத்தாழ 10-இல் 9 ஏதோ ஓர் உயிரினத்தை நம்பியிருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நிறம் விளம்பரப் பலகை, வாசனை அழைப்பு, தேன் கூலி. யாருக்குச் சொன்ன அழைப்பு என்பதைப் பூவைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். தேனீக்கு மஞ்சளும் நீலமும் நன்றாகத் தெரியும், நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா நிறமும் தெரியும். சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. தேன்சிட்டு, மைனா போன்ற பறவைகளுக்குச் சிவப்பு பளிச்சென்று தெரியும். கல்யாண முருங்கை இலையெல்லாம் கொட்டிவிட்டுச் சிவப்பாகப் பூத்து நிற்பது பறவைகளுக்காக. மல்லியும் முல்லையும் சாயங்காலம் வெள்ளையாக மலர்ந்து மணப்பது அந்திப் பூச்சிகளுக்காக. இருட்டில் வெள்ளையும் வாசனையும்தான் எடுபடும். இலுப்பை மரத்துக்கு ராத்திரியில் வௌவால் வரும். தித்திப்பான இதழைத் தின்றுவிட்டு முகமெல்லாம் தூளோடு அடுத்த மரத்துக்குப் பறக்கும்.

தேனீ என்றால் பெட்டியில் வளர்க்கிற அடுக்குத் தேனீ மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. மலைத்தேனீ, கொம்புத் தேனீ, சுவர் ஓட்டையில் கூடு கட்டுகிற கொசுத்தேனீ என்று நம்மிடம் பல வகை உண்டு. கூட்டமாக வாழாமல் தனியாகத் திரிகிற தேனீக்களும் ஏராளம். அவற்றில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும்.

கத்தரிப் பூவைப் பார்த்திருப்பீர்கள். ஊதா இதழ், நடுவில் மஞ்சளாகக் கூம்பு. அந்தக் கூம்புதான் மகரந்தப்பைகள். ஆனால் தடவிப் பார்த்தால் பூசணி போலப் பொடி ஒட்டாது. தூள் முழுக்க உள்ளே அடைபட்டிருக்கும். நுனியில் உப்பு டப்பாவின் துளை மாதிரி சின்னத் துளைகள் மட்டும். உலுக்கினால்தான் கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. பந்தல் மூங்கிலிலும் வீட்டு உத்தரத்திலும் ஓட்டை போடுகிற பெரிய கருவண்டுக்குத் தெரியும். பெயர்தான் வண்டு, உண்மையில் அதுவும் தேனீ இனம்தான். அது பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சிறகை அசைக்காமல், பறக்கிற தசைகளை மட்டும் வேகமாக அதிரச் செய்யும். வழக்கமான ரீங்காரம் சட்டென்று மேல் சுருதிக்கு ஏறும். அந்த அதிர்வில் தூள் துளை வழியாகப் புகை போலக் கிளம்பி அதன் வயிற்றில் படியும். கத்தரித் தோட்டத்தில் காலை நேரம் அசையாமல் நின்றால் இந்தச் சத்தத்தைக் காதால் கேட்கலாம். தக்காளிப் பூவுக்கும் அதிர்வு பிடிக்கும். மாடித் தோட்டத்தில் பூங்கொத்தின் காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிட்டாலே பலன் தெரியும்.

அத்தி பூத்தாற்போல என்கிறோம். அத்தி எப்போதும்தான் பூக்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை. அத்திக்காய் என்று நாம் பார்ப்பது உள்பக்கமாக மடிந்த ஒரு பூங்கொத்து, பூக்களெல்லாம் உள்சுவரில். காம்புக்கு எதிர்ப்புறம் இருக்கும் சின்னக் கண் வழியாக ஒரு குட்டிக் குளவி உள்ளே நுழையும். வழி அவ்வளவு இடுக்கு, நுழையும்போதே சிறகு ஒடிந்துவிடும். உள்ளே போய்ச் சில பூக்களில் முட்டையிடும், சுமந்து வந்த தூளை மற்றப் பூக்களில் சேர்க்கும், அங்கேயே செத்துவிடும். அதன் குஞ்சுகளில் ஆண்களுக்குச் சிறகே கிடையாது. அவை இணைசேர்ந்து, வெளியே போக வழி குடைந்துவிட்டு மடியும். பெண் குளவிகள் புதுத் தூளை ஏந்திக்கொண்டு அந்த வழியே பறந்து இன்னோர் அத்தியைத் தேடும். அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று பழமொழி சொல்லும். அந்தப் பூச்சி இல்லாவிட்டால் காட்டு அத்தியில் விதை இல்லை, அடுத்த மரமும் இல்லை.

ஆள் வராவிட்டால் கைதான்

சரி, சுமக்கிற ஆள் இல்லாவிட்டால்? மனிதர்கள் இதை வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டார்கள். பேரீச்சையிலும் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. பண்டைய மெசொப்பொத்தேமியாவிலேயே ஆண் பாளையை வெட்டிப் பெண் மரத்தில் கட்டும் வழக்கம் இருந்தது. ஆனால் பூவில் ஆணும் பெண்ணும் இருக்கிறது என்று சோதனை செய்து காட்டியவர் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரத்து ருடால்ஃப் காமராரியஸ். ஆமணக்கில் ஆண் பூக்களை மொட்டிலேயே கிள்ளிப் போட்டார், விதை வரவில்லை. மக்காச்சோளத்தின் பட்டிழைகளை வெட்டினார், முத்து வரவில்லை. 1694-இல் ஒரு கடிதமாக இதை வெளியிட்டார்.

எனக்கு இதைவிட நெருக்கமான கதை வனிலாவுடையது. வனிலாக் கொடியின் தாய்நாடு மெக்சிகோ. அங்கிருந்து இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவுக்குக் கொண்டுபோனார்கள். கொடி வளர்ந்தது, பூவும் வந்தது, காய் மட்டும் வரவில்லை. எதிர் வீட்டு அக்காவின் பிரச்சினையேதான். வனிலாப் பூவில் தூளுக்கும் சூலகமுடிக்கும் நடுவே மெல்லிய ஒரு மடல் தடுப்பாக நிற்கும், பூவும் ஒரே நாள்தான் இருக்கும். 1841-இல் அந்தத் தீவில் அடிமையாக இருந்த எட்மண்ட் என்ற 12 வயதுப் பையன், ஒரு சின்னக் குச்சியால் அந்த மடலைத் தூக்கி, கட்டைவிரலால் தூளை அழுத்திவிட்டான். காய் பிடித்தது. இன்றைக்கும் தோட்டங்களில் வனிலாவுக்கு ஏறக்குறைய அதே முறைதான். விடுதலைக்குப் பிறகு அவனுக்கு ஆல்பியஸ் என்ற குடும்பப் பெயர் கிடைத்தது. ஆனால் உலகத்துக்கு ஒரு தொழிலையே கொடுத்தவன் வறுமையில்தான் இறந்தான். வனிலா ஐஸ்கிரீம் சாப்பிடும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன் நினைவு வரும்.

பூசணிக்கு இவ்வளவு சிரமம் இல்லை. காலையில் பூ விரிந்ததும், ஒன்பது மணிக்கு முன்பாக, அன்று மலர்ந்த ஓர் ஆண் பூவைப் பறித்து இதழ்களைக் கிழித்துவிடுங்கள். நடுவில் இருக்கும் மஞ்சள் தண்டைப் பெண் பூவின் சூலகமுடி மேல், மூன்று பிரிவிலும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும். மதியத்துக்குள் பூ சுருங்கிவிடும், மறுநாள் திறக்காது. பாகலுக்கும் காலைதான். ஆனால் சுரை, பீர்க்கு, புடலை மூன்றும் சாயங்காலம் மலர்பவை. அவற்றுக்குக் காலையில் போய் நின்று பிரயோஜனம் இல்லை. கொடி பூக்கத் தொடங்கிய முதல் சில நாட்கள் ஆண் பூ மட்டும்தான் வரும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். பிஞ்சில் ஊசி குத்திய மாதிரி தடம் தெரிந்து, அந்த இடம் அழுகினால் அது பழ ஈயின் வேலை, வேறு வைத்தியம் வேண்டும். பூக்கிற காலத்தில் பூச்சிமருந்தைக் கூடியவரை தவிர்த்துவிடுங்கள். தவிர்க்கவே முடியாவிட்டால் அந்தப் பூ மூடியிருக்கும் நேரமாகப் பார்த்து அடியுங்கள்.

அக்கா கேட்ட ஒரு நல்ல கேள்வியையும் சொல்லிவிடுகிறேன். "அப்போ வாழைக்கு யாரு தம்பி தூள் கொண்டு போறா?" யாரும் வேண்டாம். நாம் வளர்க்கிற வாழையில் கரு உண்டாகாமலேயே காய் பருக்கும். அதனால்தான் விதை இல்லை. பழத்தின் நடுவில் தெரியும் கறுப்புப் புள்ளிகள் வளராமல் நின்றுபோன சூல்கள். விதை இல்லாததால் கன்று பிரித்துத்தான் நடுகிறோம். பூசணிக்கு அந்தச் சலுகை கிடையாது.

அன்று காலை அவர் கையாலேயே ஒரு பெண் பூவுக்குத் தூள் தடவினார். முதலில் பயந்து பயந்து, பிறகு பொட்டு வைப்பது போலப் பதமாக. அடையாளத்துக்குக் காம்பில் ஒரு சிவப்பு நூல் கட்டினோம். நாலாம் நாள் போய்ப் பார்த்தபோது பூ வாடிக் கருகி நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே பிஞ்சு எலுமிச்சம்பழம் அளவுக்குப் பளபளவென்று பருத்திருந்தது. பக்கத்தில் நூல் கட்டாத பிஞ்சு ஒன்று மஞ்சளாகிச் சுருங்கிக் கிடந்தது.

இப்போதெல்லாம் காலை ஆறு மணிக்கே மாடியிலிருந்து குரல் வருகிறது. "தம்பி, இன்னைக்குப் பெண் பூ ரெண்டு, ஆண் பூ ஒண்ணுதான். போதுமா?"

"போதும்க்கா."